குறைக்கக் குறைக்க ஆடிய வீடு

திங்கட்கிழமையிலிருந்து என் மேசையில் உங்களில் ஒருவர் உட்காரப் போகிறீர்கள். இழுப்பறையில் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்: காந்த அடி வைத்த அதிர்வு உணரிகள் இரண்டு, அவற்றுக்கான நீளக் கேபிள், காதடைப்பான், எலுமிச்சை மிட்டாய் ஒரு பாக்கெட். மிட்டாய் உங்களுக்கு இல்லை. நாம் போகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் கோபமாக இருப்பார். அவருக்கு.

நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போகிறேன். முப்பத்தொரு வயதில் என்ன ஓய்வு என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். களவேலையிலிருந்து ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டிலிருந்து கிளம்பித் தெற்கே அச்சரப்பாக்கத்து அரிசி ஆலைகள் வரைக்கும், கிழக்கே கடற்கரைச் சாலை வரைக்கும் இந்த மாவட்டத்தில் ஆடக்கூடியவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் நான் உணரியை ஒட்டியிருக்கிறேன். திருப்தியாகத்தான் போகிறேன்.

உணரியை எங்கே ஒட்டுவது, வரைபடத்தை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எந்த இயந்திரம் ஆடினாலும் அங்கே நிற்பவர்கள் ஒரே ஒரு யோசனைதான் சொல்வார்கள்: வேகத்தைக் குறை. முதலாளி சொல்வார், ஆபரேட்டர் சொல்வார், அதிகாரி சொல்வார். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதிக்குத்தான் நமக்குச் சம்பளம்.

கோவளத்தில் ஓர் ஐஸ் கம்பெனி. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற வாரம். படகுகள் கடலுக்குள் இறங்கியதும் ஐஸுக்கு லாரிகள் வரிசை கட்டும். மீன் வியாபாரிகள் பெட்டியோடு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் ஐஸ் இல்லை என்று சொல்கிற கம்பெனிக்கு அடுத்த வருடம் யாரும் திரும்பி வரமாட்டார்கள். அதை நடத்துகிறவர் மும்தாஜ் அக்கா. கணவர் இறந்த பிறகு தனியாக நடத்துகிறார். நான் போய் இறங்கிய காலையில் வாசலிலேயே நின்றிருந்தார். தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"மதியம் ஆபீசர் வராரு மேடம். பக்கத்து வூடு ஆடுதுன்னு புகார். இன்னிக்கும் ஆடுச்சின்னா பூட்டி சீல் வெச்சிடுவேன்னு சொல்லிட்டாரு. எதுனா பண்ணுங்க."

"எப்போதிலிருந்து ஆடுகிறது?"

"அவன் மாடியில ரூம் எழுப்பினான் பாருங்க, அதுக்கப்புறந்தான். எங்க மிசினு எங்க மாமனார் காலத்துலேர்ந்து இங்கதான் கீது."

உள்ளே உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் போட்ட பெரிய பழைய கம்ப்ரசர். அதன் அடியில் கை வைத்துப் பார்த்தேன். ஓர் எருமை மூச்சு விடுவது போல இருந்தது, அவ்வளவுதான். அதை ஓட்டுகிற கணேசன் அண்ணன் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஓடுதா தூங்குதான்னே தெரியாது மேடம். அவங்க ஒவ்வொரு தபா வந்து கத்தும்போதும் கொறைச்சிக்கினுதான் வந்தேன். இதுக்கு மேல கொறைச்சா ஆயில் பிரஷர் வுழுந்துடும்."

குறைத்தது எப்படி என்றால், அந்த வருடத் தொடக்கத்தில் மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் ஒன்று போட்டிருந்தார்கள். ஐஸ் அதிகம் தேவைப்படாத நாட்களில் மெதுவாக ஓட்டினால் கரண்ட் மிச்சம். அதற்கு முன்னால் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான்.

அடுத்து பக்கத்து வீடு. அங்கே நுழைந்ததும் மிட்டாயை எடுத்து நீட்டினேன். அந்த வீட்டு ஸ்டெல்லா அக்கா அதை வாங்கவில்லை.

"நீ அவங்க கூட்டியாந்த ஆளுதானே. இன்னா சொல்லப் போற, எல்லாம் சரியா கீதுன்னு எழுதிக் குடுக்கப் போற. மாடிக்கு வா, வந்து பாத்துட்டு எழுது."

மாடி அறை அழகாக இருந்தது. மொட்டை மாடியில் சதுர இரும்புக் குழாய்த் தூண்கள், சிமென்ட் பலகைச் சுவர், மேலே தகரக் கூரை. நடுவே கண்ணாடி அலமாரி. அதிலிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. ஜன்னல் கொக்கி தானாகத் துள்ளியது. என் காலடியில் தரை ஊர்ந்தது. கம்ப்ரசர் மேலேயே கை வைத்து உணராத ஆட்டம், அதிலிருந்து ஒரு சந்து தள்ளி இருக்கிற மாடியில்.

அலமாரியின் மேல் தட்டில் மாதா சுரூபம்.

"காலையில வாசலப் பாக்க வெச்சிட்டுப் போறேன். மதியத்துக்குள்ள செவுத்தப் பாத்துக்கினு நிக்கிது. தெனமும்."

"எங்க சண்டைய பாக்கப் புடிக்கல அதுக்கு" என்றார் படியேறி வந்த அந்தோணி அண்ணன், ஸ்டெல்லாவின் கணவர். கோவளத்துக்கும் திருப்போரூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைக்கு அதிகாரி வருவதால் வண்டியை நிறுத்தியிருந்தார்.

ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை. "கொறைச்சிட்டோம், கொறைச்சிட்டோம்னு வாய்தான் பேசுது. நாங்க போயி சொல்லச் சொல்ல இங்க ஏறிக்கினேதான் கீது. வேணும்னே பண்றாங்க. மும்தாஜ் நோன்புக் கஞ்சி குடுத்தனுப்பினா இந்த வருசம். தூக்கைத் தொறக்காம திருப்பி அனுப்பிட்டேன்."

இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். ஒருவர் குறைத்தேன் என்கிறார். இன்னொருவர் ஏறியது என்கிறார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் ஊரில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அதிகாரியும் அப்படித்தான் நினைத்திருந்தார். நாம் அந்த முடிவுக்கு அவசரப்படக் கூடாது. இருவருமே உண்மை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

கணேசன் அண்ணனை மாடிக்குக் கூப்பிட்டேன். வரத் தயங்கினார். வந்து வாசற்படியிலேயே நின்றார். டம்ளர்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இத்தனை மாதத்தில் அவர் இந்த அறைக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை.

"அக்கா, முதல் டம்ளர் உடைந்தது எப்போது?" என்று கேட்டேன்.

"சாம்பல் புதன் அன்னிக்கு. கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்தா கீழ கெடக்குது."

"அதுக்கு மொத நாளு தானே நீங்க வந்து கத்திட்டுப் போனீங்க?" என்றார் கணேசன் அண்ணன் மெதுவாக. "அன்னிக்கு ராவே கொறைச்சேன். அக்கா சொல்லி."

"பெரிய வியாழன் அன்னிக்கு ஜன்னல் கண்ணாடி வுட்டுப் போச்சி."

"அந்த வாரந்தான் ரெண்டாவது தபா கொறைச்சது."

டம்ளர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

இப்போது பாடம். பதினோராம் வகுப்பில் படித்ததுதான். ஒரு பொருளைத் தட்டிவிட்டால் அது தனக்கென்று இருக்கிற தாளத்தில் ஆடும். ஆடி ஆடி அடங்கும். அடங்க வைப்பது தணிப்பு. ஆனால் வெளியிலிருந்து ஒருவர் விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தால் பொருள் தன் தாளத்தை விட்டுவிட்டுத் தள்ளுபவரின் தாளத்துக்கு ஆடத் தொடங்கும். அது திணிப்பு அதிர்வு. எவ்வளவு பெரிதாக ஆடும் என்பதைத் தள்ளுபவரின் பலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தள்ளும் தாளம் பொருளின் சொந்தத் தாளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பதும் தீர்மானிக்கிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் மிகச் சின்னத் தள்ளலும் போதும். ஆட்டம் மலையாக ஏறும். அப்போது அதைப் பிடித்து நிறுத்தக்கூடியது தணிப்பு ஒன்றுதான். இரும்புத் தூணும் தகரக் கூரையும் உள்ள அறையில் தணிப்பு கிட்டத்தட்ட கிடையாது. தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும்.

ஆக, கம்ப்ரசர் பழைய முழு வேகத்தில் ஓடியபோது அறையின் தாளத்துக்கு மேலே, தூரத்தில் இருந்திருக்கிறது. மாடி கட்டிய புதிதில் யாருக்கும் தொந்தரவில்லை. டிரைவ் வந்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் பக்கத்தில் வந்தது. ஸ்டெல்லா அக்கா போய்க் கத்தினார். மும்தாஜ் அக்கா பயந்து இன்னும் குறைத்தார். இன்னும் பக்கத்தில் வந்தது. ஒரு வீட்டின் மரியாதை இன்னொரு வீட்டில் அடாவடியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஊகம் போதாது, அளக்க வேண்டும். ஓர் உணரியைக் கம்ப்ரசர் அடித்தளத்திலும் இன்னொன்றை மாடித் தூணிலும் ஒட்டினேன். சந்தின் குறுக்கே கேபிளைப் போட்டு இரண்டையும் ஒரே திரையில் பார்த்தேன். புதியவர்கள் எல்லோரும் ஆட்டத்தின் அளவை மட்டும் பார்ப்பார்கள். அளவு, நீங்கள் மலையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்கள் என்றுதான் சொல்லும். உச்சிக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று சொல்லாது. அதைச் சொல்வது கட்டம். அதாவது தள்ளலுக்கும் ஆட்டத்துக்கும் நடுவிலுள்ள பிந்தல். தள்ளும் தாளம் மெதுவாக இருந்தால் பொருள் தள்ளுபவரோடு சேர்ந்தே போகும். இரண்டு தாளமும் ஒன்றாகிற ஒத்ததிர்வில், அதாவது உச்சியில், சரியாகக் கால் சுற்று பிந்தும். அதைத் தாண்டி வேகமானால் பிந்தல் இன்னும் கூடி, கடைசியில் எதிர்ப்பக்கமே போகும். திரையில் அறை கால் சுற்றைவிடச் சற்று அதிகம் பிந்தியிருந்தது.

உச்சி எங்களுக்குக் கீழே இருந்தது, ரொம்பப் பக்கத்தில். இன்னும் ஒரு தடவை குறைத்திருந்தால் அதன் மேலேயே போய் நின்றிருப்போம்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அதிகாரி வந்தார். நிதானமான மனிதர், யார் பக்கமும் சாயாதவர். நேரே மாடிக்கு வந்தார், தரையில் செருப்பில்லாமல் நின்றார், மாதாவைப் பார்த்தார். சுரூபம் அதற்குள் பாதி திரும்பியிருந்தது.

"என்னம்மா, ஆடுதே" என்றார், கூடவே மேலே வந்திருந்த மும்தாஜ் அக்காவிடம்.

மும்தாஜ் அக்கா என்னைப் பார்த்தார்.

"சார், வேகத்தை ஏற்ற வேண்டும்" என்றேன்.

அவர் நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்பது போலத் திரும்பினார். "ஏத்தணுமா?"

"ஆமாம் சார். பழைய முழு வேகத்துக்கு."

"வீடு ஆடுதுன்னு புகார். நீங்க மிசின வேகமா ஓட்டறேன்றீங்க." குரலை உயர்த்தவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன். இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாம். நின்னுட்டா எல்லாருக்கும் நல்லது. நிக்கலன்னா பூட்டிட்டுப் போறேன். இதுல யாருக்கும் மனசு கஷ்டம் இல்ல."

நியாயமான யோசனை. எல்லோருக்கும் பாதுகாப்பாகத் தோன்றுகிற யோசனை. ஆபத்து இப்படித்தான் வரும் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அதற்குத் தலையாட்டியிருந்தால், அரை மணி நேரத்தில் கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியிருக்கும். அதற்கு முன்பே கூரைத் தகரத்தில் பாதி சந்தில் கிடந்திருக்கலாம்.

"குறைத்தால் இன்னும் ஆடும் சார். இந்த அறை தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது. குறைப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்."

"பாத்தீங்களா சார்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "ஏத்துவாங்களாம். எங்க தலையில ஏத்துவாங்க."

திரையைக் காட்டி விளக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கோபத்தில் இருப்பவருக்கு வரைபடம் காட்டாதீர்கள். அது இன்னொரு பூட்டு மாதிரிதான் தெரியும். அந்தோணி அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, ஸ்டாண்டுல உங்க ஆட்டோ ஸ்லோவுல நிக்கும்போது சைடு கண்ணாடி எப்படி இருக்கும்?"

"கண்ணாடியா அது. என் மூஞ்சியே நாலு தெரியும்."

"ஆக்சிலேட்டர் கொடுத்தால்?"

"நின்னுடும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கு இன்னா இப்போ?"

"அந்த மெஷின் இப்போ ஸ்லோவுல நிக்கிது. உங்க மாடி ரூம்தான் கண்ணாடி."

அவர் மெதுவாகத் தூணில் கை வைத்தார். கையை எடுக்காமலே சொன்னார்: "அப்போ நாங்க போயி கொறைங்கடா கொறைங்கடான்னு கத்தினது..."

"நீ சும்மா இரு" என்றார் ஸ்டெல்லா அக்கா. "ஒடனே அந்தப் பக்கம் சாஞ்சிடு. ஆட்டோவும் வூடும் ஒண்ணா?"

"ஆடறதுன்னு வந்துட்டா இன்னாடி வித்தியாசம்?"

அதிகாரி யோசித்தார். "ஏத்தி, இன்னும் மோசமாச்சுன்னா?"

அந்தக் கேள்வியை நானே எனக்குள் பல தடவை கேட்டிருந்தேன். கையில் இருந்தது ஒரே ஓர் அளவு. அறைக்கு இரண்டாவதாக இன்னொரு தாளம் மேலே எங்காவது காத்திருக்கலாம். ஆனால் நான் நினைத்தது சரியென்றால் முதல் திருகலிலேயே ஆட்டம் இறங்கியாக வேண்டும். உச்சிக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தோம். இப்படி ஒரு சோதனையை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ள முடியாது.

"முதல் திருகலில் குறைய வேண்டும் சார். குறையாவிட்டால் நானே நிறுத்தச் சொல்லிவிடுவேன். நீங்கள் பூட்டிக்கொள்ளலாம்."

சொன்ன பிறகுதான் மும்தாஜ் அக்காவிடம் திரும்பினேன். கம்பெனி அவருடையது. அவர் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் கம்பெனிய வெச்சிப் பேசறியேம்மா" என்றார். பிறகு, "சரி. பேசிட்ட. ஏத்து."

இயந்திரத்தைத் தொடும் முன் நான் வாய்ப்பாடு போல ஓட்டிப் பார்ப்பது இது: மேலே யார் இருக்கிறார்கள், எது விழுந்தால் உடையும், நிறுத்த யார் கை பக்கத்தில் இருக்கிறது. எல்லோரையும் அறையிலிருந்து இறக்கினேன். டம்ளர்களை ஸ்டெல்லா அக்கா புடவையில் சுற்றி அன்னக்கூடையில் அடுக்கிக் கீழே கொண்டுபோனார். நான் மாதா சுரூபத்தை எடுக்கப் போனபோது தடுத்துவிட்டார்.

"அது இருக்கட்டும். நீங்க ஆயிரம் மிசின் ஒட்டுங்க. எனக்கு அதான் சாட்சி." வாசலைப் பார்க்க அவரே சுரூபத்தைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

எல்லோரும் வெளிப்படிக்கட்டில் நின்றோம். திறந்த கதவு வழியாக அலமாரி தெரிந்தது. திரை என் கையில். சந்துக்கு அந்தப் பக்கம் கணேசன் அண்ணன் டிரைவ் முன்னால் நின்று, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை உயர்த்தினேன்.

கம்ப்ரசரின் சத்தம் மாறியது. முதல் கணத்தில் மாடியிலிருந்து வந்த உறுமல் அப்படியேதான் இருந்தது. ஸ்டெல்லா அக்கா என் தோளைப் பிடித்தார். பிடித்தது தெரிந்து செய்ததில்லை. பிறகு ஜன்னல் கொக்கி துள்ளுவது நின்றது. திரையில் கோடு சரிந்தது. இன்னொரு திருகல், இன்னும் சரிந்தது. கணேசன் அண்ணன் முழு வேகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியபோது கம்ப்ரசர் தெருவரைக்கும் கேட்கும்படி ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் ஒன்றுமே இல்லை. தகரக் கூரையில் நடந்த ஒரு காக்கையின் கால் சத்தம் கேட்டது.

ஸ்டெல்லா அக்கா முதலில் உள்ளே போனார். செருப்பைக் கழற்றி, அதிகாரி நின்ற மாதிரியே தரையில் நின்றார். பிறகு குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அந்த மிட்டாய் இன்னும் கீதா?" என்று கேட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அதிகாரி கெட்டிக்காரர். மிட்டாய் வாங்காமல் நின்றவர் அவர் மட்டும்தான்.

"ஓடும்போது சரி. நிறுத்திட்டுத் திரும்பப் போடும்போது? கீழேருந்துதானே ஏறி வரணும்? அந்த உச்சியத் தாண்டித்தானே வரும்?"

சரியான கேள்வி. எந்த இயந்திரமும் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் நிற்கும்போதும் அந்தக் கெட்ட வேகத்தைத் தொட்டுத்தான் போகும். தொடுவதில் தப்பில்லை, அங்கே தங்கக் கூடாது. ஆட்டம் ஒரே அடியில் மலையாவதில்லை, தள்ளல் மேல் தள்ளலாக ஏறித்தான் வளரும். வளர நேரம் கொடுக்காமல் கடந்துவிட்டால் போதும். கணேசன் அண்ணனிடம் டிரைவில் கிளம்பும் நேரம் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று கேட்டேன்.

"ரொம்ப மெதுவா வெச்சிக்கிறேன் மேடம். பக்கத்துல வூடு கீதே, பாவம், நைசா ஏறட்டும்னு."

அதுவும் மரியாதைதான். அதையும் மாற்றினேன், கம்ப்ரசரும் பெல்ட்டும் தாங்குகிற அளவுக்கு வேகமாக. அது முதல் வேலை. இரண்டாவது, அந்தச் சில நொடிகளுக்காவது அறைக்குத் தணிப்பு வேண்டும். அந்த மணி ஒலிக்காமல் இருக்க வேண்டும்.

"அண்ணே, இந்தத் தூணெல்லாம் உள்ளே வெறும் குழாய்தானே?" என்று அந்தோணி அண்ணனிடம் கேட்டேன்.

"வெறும் பைப்புதான்."

"உள்ளே மணல் நிரப்பலாமா? நன்றாகக் காய்ந்த மணல். தூண் ஆடினால் மணல் ஒன்றோடொன்று உரசும். ஆட்டத்தின் பலமெல்லாம் உரசலிலேயே தீர்ந்துவிடும்."

அவர் சிரித்தார். "கோவளத்துல வந்து மணலுக்கா அலையணும்? வாசல்ல கடலே கீது."

"கடல் மணல் வேண்டாம் அண்ணே. உப்பு. ஒரே வருடத்தில் தூணைத் தின்றுவிடும்."

மாடி கட்டி மிச்சமான, கல் உடைத்த எம்-சாண்ட் மணல் மூட்டைகள் படிக்கட்டுக்கு அடியில் இருந்தன. மழை படாமல், பொடியாக. தரைத்தளம் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். தூண்களுக்குக் கீழே நல்ல பீம் ஓடியது. கணேசன் அண்ணன் கம்பெனியிலிருந்து டிரில் கொண்டுவந்து ஒவ்வொரு தூணின் தலைப்பக்கத்திலும் துளை போட்டார். அந்தோணி அண்ணன் தண்ணீர்க் கேனின் கழுத்தை அறுத்துப் புனல் ஆக்கினார். அவர் ஏணியில், கணேசன் அண்ணன் கீழே. காலையில் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றவர்கள்.

"தூணைத் தட்டுய்யா, மணல் எறங்கட்டும்."

"தட்டிக்கினுதான் கீறேன். நீ கண்ணுல ஊத்தாம ஊத்து."

"இத்தினி மாசம் தூங்க வுடாம பண்ணல்ல, கண்ணுல கொஞ்சம் வாங்கிக்கோ."

"நானா பண்ணேன், ஒன் பொண்டாட்டி கொறைக்கச் சொன்னாங்க."

"எனக்குக் கேக்குது" என்றார் ஸ்டெல்லா அக்கா கீழே இருந்து. தேநீர் டம்ளர்களோடு அவர் மேலே வந்தபோது, சந்துக்கு அந்தப் பக்கம் நின்ற மும்தாஜ் அக்காவைப் பார்த்து, "அங்க இன்னா பண்ற, வா" என்றார். மும்தாஜ் அக்கா வந்து படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

நிரப்பி முடித்ததும் தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். காலையில் 'டங்' என்று நீண்டு ஒலித்தது, இப்போது 'டொப்' என்று அங்கேயே செத்தது. தணிப்பு என்றால் என்ன என்று வகுப்பில் என்னை யாராவது கேட்டால் இந்த இரண்டு சத்தங்களையும்தான் சொல்லப்போகிறேன்.

கம்ப்ரசரை நிறுத்தினோம். நிற்கும்போது அறை ஒரு தரம் லேசாகச் சிலிர்த்தது. அதிகாரி அலமாரியின் முன்னால் போய் நின்றுகொண்டார். இந்தத் தடவை ஸ்டெல்லா அக்கா டம்ளர்களையும் திரும்ப அடுக்கி வைத்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "பாத்துடலாம்" என்றார்.

கணேசன் அண்ணன் பட்டனை அழுத்தினார். கம்ப்ரசர் இரண்டு மூச்சு இழுத்தது, ஏறியது. அறைக்குள் ஏதோ ஒன்று வந்துவிட்டுப் போனது போல இருந்தது. ஒரு டம்ளர் பக்கத்து டம்ளரை ஒரே ஒரு தடவை தொட்டது. பிறகு அமைதி. அதற்குள் முழு வேகம் வந்துவிட்டிருந்தது.

மாதா வாசலைப் பார்த்தபடியே நின்றாள்.

அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் பூட்டு கொண்டாந்திருக்கேன்" என்றார் மும்தாஜ் அக்காவிடம். "வண்டியிலேயே இருக்கட்டும்." அதன் பிறகு என்னிடம் கையை நீட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு போனார்.

தடை முடிந்து படகுகள் திரும்பிய நாளில் அந்த வழியாகப் போக நேர்ந்தது. கம்பெனி வாசலில் லாரிகள் சாலை வரைக்கும் நின்றன. ஐஸ் பார்கள் சறுக்குப் பலகையில் வழுக்கி வந்துகொண்டே இருந்தன. கணேசன் அண்ணன் கொக்கியும் கையுமாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பேச நேரமில்லை. மும்தாஜ் அக்கா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், நல்ல குரலில்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது எதுவென்று நான் எண் போட்டு எழுதித்தான் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் இரண்டுதான் மிஞ்சுகிறது. ஆட்டத்தைக் கண்டால் உச்சி எந்தப் பக்கம் என்று தெரியும்வரை எந்தக் குமிழையும் தொடாதீர்கள். எவ்வளவு நல்லெண்ணத்தோடு யார் சொன்னாலும். தெரிந்துவிட்டால், சுற்றி நிற்கிற எல்லோரும் எதிராகச் சொன்னாலும், கையை உயர்த்திக் காட்டுங்கள்.

போன மாதம் ஸ்டெல்லா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். கணேசன் அண்ணன் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தாராம். அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார்.

"கரண்ட் மிச்சம்னு கொறைச்சிட்டான் போல தங்கச்சி. காபி ஆத்திக்கினு இருக்கேன், மாதா லேசா திரும்பற மாதிரி கீது. மும்தாஜும் வூட்டுல இல்ல. நானே மாடியில நின்னு கத்தினேன், டேய் ஏத்துடா மொதல்லன்னு. அவன் இன்னாடான்னா என்னைய மொறைக்கிறான். இத்தினி வருசத்துல பக்கத்து வூட்டுக்காரங்க ஏத்தச் சொல்லி அவன் கேட்டதே இல்லியாம்."

"ஏத்தினானா அக்கா?"

"பின்ன. எறங்கிப் போயி பக்கத்துல நின்னு ஏத்த வெச்சிட்டுத்தான் வந்தேன்."